சிவப்பு நூல் டம்ளர்

"எங்க அக்காவுக்குத் தனி டம்ளரா மாமா? நல்லா இருக்கே ஞாயம்!"

கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்த தேவநாதன், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கத்தினான்.

சிதம்பரத்தில் அவன் அக்கா வீட்டு அடுப்படி. மேடை ஓரத்தில், மற்ற பாத்திரங்களோடு சேராமல் ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது. அடையாளத்துக்குச் சிவப்பு நூல் வேறு.

டீ போட்டுக்கொண்டிருந்த சடையப்பன் திரும்பவில்லை. "உக்காரு மச்சான். டீ குடிச்சுட்டுப் பேசலாம்."

"டீ ஒண்ணுதான் கொறைச்சல்!"

அக்கா கலைமணிக்குப் போன வருஷம் கழுத்தில் கட்டி வந்தது. லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். கீமோ ஏறியதில் முடியெல்லாம் போனது. அவள் சிரிப்பு மட்டும் போகவில்லை. அப்போது கிருமி அண்டக்கூடாதென்று தட்டு, டம்ளர் எல்லாம் தனி. அது சரி. வைத்தியம் முடிந்து, கட்டி கரைந்து, "இனி எப்பவும்போல இருங்க" என்று டாக்டரே சொன்ன பிறகும் எதற்குத் தனி?

நேற்று போனில் அக்கா முதல் முறையாக அழுதாள். "ஒங்க மாமா என்கூட டீ குடிக்கிறதில்லடா."

அவர்கள் டீ குடிக்கும் அழகு சொந்தபந்தம் முழுக்கத் தெரியும். ஒரே டம்ளர். பாதியை அவர் குடித்துவிட்டு நீட்டுவார், மீதி அவளுக்கு. கல்யாண வீட்டில்கூட அப்படித்தான். தேவநாதனே எத்தனையோ தடவை கிண்டலடித்திருக்கிறான்.

"எச்சில்ல பரவுற வைரஸ்னு டாக்டர் சொன்னாராமே, அதான பயம்? இத்தன வருஷம் குடும்பம் நடத்தினவள ஓரங்கட்டிட்டீங்க. அக்கா! துணிமணிய எடு, கடலூருக்குப் போவலாம்."

சடையப்பன் அடுப்பை அணைத்தார். அலமாரியிலிருந்து பளபளவென்று ஒரு டம்ளரை எடுத்து மேடையில் வைத்தார்.

"இதான் ஒங்க அக்கா டம்ளரு."

"அப்ப நூல் கட்டினது?"

"என்னுது."

தேவநாதன் இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எச்சில்ல பரவுற ஒரு வைரஸு, இந்தக் கட்டிக்கு அதுவும் காரணமா இருக்கலாம்னாரு. அவ தெனமும் யாரு எச்சில குடிச்சா மச்சான்? நாந்தான குடுத்தேன்! மறுபடியும் குடுக்கச் சொல்றியா?"

சொல்லிவிட்டுச் சடையப்பன் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இவரைப் போய்த் திட்டினோமே என்று தேவநாதனுக்கு வெட்கமாகிவிட்டது.

சத்தம் கேட்டு வந்த கலைமணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கண் நிறைந்திருந்தது.

"இதுக்குத்தானா? வாயத் தொறந்து சொல்லக்கூடாதா? அன்னிக்கு டாக்டர் பேசுறப்ப கண்ணத் தொடச்சிக்கிட்டு பாதியிலயே எழுந்து போயிட்டீங்க. மீதிய நாந்தான் கேட்டேன். அந்த வைரஸு அனேகமா எல்லாரு ஒடம்புலயும் இருக்குமாம். பெரும்பாலும் சின்னப்புள்ளையிலயே ஒட்டிக்கிட்டு, சத்தமில்லாம கெடக்குமாம். எங்கியோ ஒருத்தருக்குத்தான் இப்படி ஆவுமாம். ஏன்னு அவுங்களுக்கே முழுசா தெரியலையாம்."

"சின்னப்புள்ளையிலயேவா?" தேவநாதனுக்கு மறுபடியும் வேகம் வந்துவிட்டது. "கேட்டீங்களா மாமா? ஒங்களுக்கு முன்னாடியே எவனோ குடுத்திருக்கான்! அவன் மட்டும் என் கையில கெடச்சான்..."

கலைமணி தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்டா, ஸ்கூல் வாசல்ல கமர்கட் வாங்கி, காக்காக்கடின்னு சொல்லிட்டு, மேல சட்டைத்துணிய வெக்காம வெறும் வாயால கடிச்சு எனக்குப் பாதி குடுத்தது யாரு?"

தேவநாதன் தலையைச் சொறிந்தான்.

கலைமணி அந்த டம்ளரை எடுத்து நூலை அவிழ்த்தாள். டீயை ஊற்றிப் புருஷனிடம் நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கிப் பாதி குடித்ததும், பிடுங்காத குறையாக வாங்கி மீதியைக் குடித்தாள்.

பிறகு தம்பியின் கையை இழுத்து, சிவப்பு நூலை அவன் மணிக்கட்டில் கட்டிவிட்டுச் சிரித்தாள்.

"யாரு குடுத்தான்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாதுடா. ஆசையா எனக்குப் பாதி குடுத்தவங்களையெல்லாம் தள்ளி வெச்சா, அப்பறம் நான் பொழச்சு வந்தது யார்கூட டீ குடிக்க?"