மேஸ்திரி கை நீட்டிய நாள்

முதல் அடி மூக்கில் இறங்கியது. மரக்கடை முதலாளி காரின் மேல் சாய்ந்து, அப்படியே சரிந்து மரத்தூளில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம்.

எதிரே நின்றவன் மேஸ்திரி. பதினாறு வருடமாக அவர் இட்ட வேலையைத் தட்டாதவன். ஆனால் போன வாரம் ஒரு லோடு மரத்தைத் தப்பாக அறுத்துவிட்டான் என்று, அத்தனை பேர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவனை ஏசியிருந்தார். அந்த வன்மம்தான் என்று நினைத்தார். விடுமுறை விருந்து முடிந்து ஆட்கள் கலைகிற நேரமாகப் பார்த்துக் கை நீட்டிவிட்டான்.

"சாவியைக் குடுங்க."

"சோறு போட்டவன் மேலயே கை வைக்கிறியாடா நாயே?"

கைக்கு அகப்பட்ட ரீப்பர் கட்டையை எடுத்து வீசினார். மண்டைக்குக் குறி வைத்தது புருவத்தில் பட்டுக் கிழித்தது. மேஸ்திரியின் ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. அவன் நகரவில்லை.

"வழியை விடுடா! என் பொண்ணு ஸ்டேஷன்ல வந்து இறங்கியிருப்பா. கைக்குழந்தையோட ஒத்தையா நிப்பாடா!"

"தெரியும். நம்ம லோடுமேனை அனுப்பியாச்சு. பாப்பாவையும் குழந்தையையும் நேரா இங்கதான் கூட்டிட்டு வருவான்."

முதலாளி காரைப் பிடித்து எழப் பார்த்தார். இவன் ஒருத்தன் இல்லை, கூட்டமே சேர்ந்திருக்கிறது. பேரனை இன்னும் அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

எழுந்த வேகத்தில் பாய்ந்து மேஸ்திரியின் மணிக்கட்டைக் கடித்தார். பல் எலும்பில் போய் முட்டியது. மேஸ்திரி அலறினான். மறு கையால் அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, முகத்தைக் கார் பானெட்டில் மோதினான். ஒரு தடவை. விடவில்லை என்றதும் இன்னொரு தடவை. சாவி நழுவிக் கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு கயிறு வந்தது. லாரியில் மரம் கட்டுகிற அதே தடித்த கயிறு. கொட்டகைத் தூணோடு அவரை வைத்து, மூச்சு முட்டாத அளவுக்கு இறுக்கி முடிச்சுப் போட்டான்.

"என்னை வெட்டிப் போடு. கேட்க மாட்டேன். என் பொண்ணை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதே. உன் கால்ல விழறேன்டா."

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பேசாம இருங்க" என்றான்.

அரை மணி நேரத்தில் வாசலில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. முன்சீட்டில் லோடுமேன். பின்கதவைத் திறந்து, இடுப்பில் குழந்தையோடு மகள் இறங்கினாள். தூணைப் பார்த்ததும் அவளிடமிருந்து வந்த சத்தத்தில் குழந்தை வீறிட்டது.

"கிட்ட வராதே கண்ணு! குழந்தையைத் தூக்கிட்டு ஓடிடு! போலீசைக் கூப்பிடு!"

அவள் ஓடவில்லை. அவரிடம் ஓடிவந்து மண்டியிட்டாள். கன்னத்து ரத்தத்தைத் துடைக்கக் குனிந்தவள், என்ன நினைத்தாளோ, சட்டென்று முகத்தைச் சுளித்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இவன்கிட்ட போகாதே! எவனோ இவனை ஏவிவிட்டிருக்கான்!" முதலாளி கயிற்றோடு திமிறினார். "எவன்னு சொல்லுடா!"

மகள் எழுந்து நின்று மேஸ்திரியைப் பார்த்தாள். கிழிந்த புருவம், வீங்கிய மணிக்கட்டு. சட்டைத் துணியைச் சுற்றிய பிறகும் ரத்தம் கசிந்துகொண்டுதான் இருந்தது.

"சொல்லுங்கண்ணா. யாரு உங்களை இப்படிப் பண்ணச் சொன்னது?"

மேஸ்திரி தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"'பேரன் வர்றான், இன்னைக்கு நான் குடிச்சுட்டு வண்டியை எடுத்தா கையைக் காலை உடைச்சாவது நிறுத்துடா'ன்னு காலையில என் கையைப் புடிச்சு அழுதது உங்கப்பாதான் பாப்பா."