பச்சைக் கோட்டுக்காரி

"அங்கே யாரும் இல்லை, மாவிஸ்" என்றார் லயனல். "வேலி இருக்கு. செடி இருக்கு. அவ்வளவுதான்."

"பச்சைக் கோட்டு போட்டிருந்தாங்க. நம்ம வாசல் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நேத்தும் நின்னாங்க."

"நேத்து வெள்ளி டீக்கரண்டியை அலமாரியில வச்சேன்னுகூடச் சொன்னே. இருந்துச்சா?"

கரண்டி இல்லைதான். அதற்கு முன்னால் மாவிஸுடைய அம்மாவின் முத்துத் தோடும் இப்படித்தான் போயிற்று. வைத்தது நன்றாக நினைவிருக்கும். போய்ப் பார்த்தால் இருக்காது.

லயனல் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனார். குண்டு விமானங்களுக்குப் பயந்து ராத்திரியில் போடுகிற கறுப்புத் திரையைப் பட்டப்பகலில் இழுத்து மூடினார்.

"என் முதல் மனைவியும் இப்படித்தான் ஆரம்பிச்சா, பாவம். கடைசியில காய்ச்சல்ல போய்ச் சேர்ந்தா. உன்னை அப்படி விட மாட்டேன். நாளைக்கு டாக்டர் வர்றார். நல்ல ஓய்வு இல்லம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஜன்னலைத் திறந்தா கடல்."

"எத்தனை நாளைக்கு, லயனல்?"

"அதெல்லாம் நீ ஏன் யோசிக்கறே? புருஷன் கையெழுத்து இருந்தாப் போதும்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டையும் நான் பாத்துக்கறேன்."

அந்த வீடு மாவிஸுடைய அப்பா அவளுக்கு விட்டுப்போனது.

லயனல் தொப்பியை எடுத்துக்கொண்டார். "எனக்கு விமானத் தாக்குதல் காவல் வார்டன்கள் கூட்டம் இருக்கு. உன் தூக்க மருந்தை நீயே போய் வாங்கிட்டு வந்துடு. மருந்துக் கடைக்கு வழி ஞாபகம் இருக்கில்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

மாவிஸ் அந்த அரையிருட்டில் நின்றபடி ஒரு முடிவுக்கு வந்தாள். பச்சைக் கோட்டுக்காரி நிஜமாகவே இல்லையென்றால், நாளைக்கு மறுபேச்சு இல்லாமல் கிளம்பிவிட வேண்டியதுதான். ஆனால் வேறு யாராவது, ஒரே ஒருத்தராவது, அவளைப் பார்த்திருந்தால்?

பக்கத்து வீட்டு மிஸஸ் பில்பீம், யுத்தப் பஞ்சத்துக்காக ரோஜாவைப் பிடுங்கிவிட்டு நட்ட முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸஸ் பில்பீம், எங்க கேட்டு கிட்ட ஒரு அம்மா நின்னாங்களே, பாத்தீங்களா?"

மிஸஸ் பில்பீமுக்குக் கழுத்து சிவந்தது. "இன்னிக்கு மழை வராதுன்னு தோணுது, இல்ல?"

"பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு..."

"நான் ஒண்ணும் கவனிக்கலையே, மிஸஸ் க்ராப்ட்ரீ. கோஸ் முழுக்கப் புழு. அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

மாவிஸ் தலையாட்டிவிட்டு நடந்தாள். ஓய்வு இல்லத்துக்கு எந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவது என்று யோசித்தபடியே பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பஸ் கிளம்புகிற நேரத்தில் ஒருத்தி ஓடிவந்து தொற்றி ஏறினாள். நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பச்சைக் கோட்டு.

"பயப்படாதீங்க" என்றாள்.

மாவிஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "நீங்க இல்லை" என்று முணுமுணுத்தாள். "நீங்க இல்லவே இல்லை."

எதிரே இருந்த பெரியவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

"டிக்கெட், டிக்கெட்!" கண்டக்டர் பெண் இடுப்பில் பை இடிக்க வந்தாள். "எங்க போறோம், ராணிங்களா?"

மாவிஸ் கண்ணைத் திறந்தாள். "ராணி... ங்களா?"

"ரெண்டு பேர் உக்காந்திருந்தா வேற எப்படிச் சொல்றது? ஒருத்தருக்குக் காசு வாங்கிட்டு இன்னொருத்தரைச் சும்மா ஏத்திட்டுப் போக இது என்ன எங்க மாமன் வண்டியா?"

"இவங்க... இவங்க உங்களுக்குத் தெரியறாங்களா?"

"தெரியறாங்களாவா! அந்தப் பச்சை கண்ணைப் பறிக்குது. ஜெர்மன்காரன் மேலேருந்து பாத்தாக்கூடத் தெரியும். சில்லறையை எடுங்க தாயி."

மாவிஸ் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

"ரெண்டு பேருக்கும் நானே தர்றேன்" என்று கண்டக்டரிடம் காசை நீட்டினாள். பிறகு பக்கத்தில் திரும்பி, "பக்கத்து வீட்டம்மா உங்களைப் பாக்கவே இல்லைன்னாங்களே!" என்றாள்.

"அவங்களா? தினமும் எனக்கு வணக்கம் சொல்றாங்க! அடுத்த வீட்டுக் குடும்ப விஷயம்னா நம்ம ஜனங்களுக்கு மரியாதையில கண்ணே தெரியாமப் போயிடும்."

"நேரா வந்து கதவைத் தட்டியிருக்கலாமே?"

"அவர் உங்களை விட்டு நகர்ந்தாத்தானே? என்னைப் பாத்ததும் திரையை வேற இழுத்து விட்டுடறார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்குப் போனதும் அவரோட மழை பூட்ஸுக்குள்ள கையை விட்டுப் பாருங்க. காணாமப் போனதெல்லாம் அங்கதான் இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னோடதெல்லாம் அங்கதான் இருந்துச்சு. அது தெரியறதுக்குள்ள, கடல் தெரியற ஓய்வு இல்லத்துல என்னைக் கொண்டு போய் அடைச்சாச்சு. இந்த வசந்தத்துலதான் வெளியே விட்டாங்க."

"மருந்துக் கடை! மருந்துக் கடை!" என்று கண்டக்டர் கத்தினாள். "இறங்கலையா, ராணி?"

மாவிஸ் எழுந்திருக்கவில்லை. "நீங்க... யாரு?" என்று கேட்டாள்.

பச்சைக் கோட்டுக்காரி கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள்.

"மிஸஸ் லயனல் க்ராப்ட்ரீ. எனக்குக் காய்ச்சலும் வரலை, விவாகரத்தும் ஆகலை. அடுத்த ஸ்டாப் போலீஸ் ஸ்டேஷன். வர்றீங்களா, மிஸ்... கல்யாணத்துக்கு முந்தி உங்க பேர் என்ன? இப்பவும் அதுதான் உங்க பேர்."