பாதையோரத்துப் புதர்

மதிவதனி தன் முதல் கணினி விளையாட்டுக்காகச் சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஒரு காவல்காரனை வரைந்தாள். கண்ணுக்கு இரண்டு புள்ளி, காலுக்கு நான்கு. அவனுக்கு அது போதுமாயிருந்தது, அவளுக்குப் போதவில்லை. கன்னத்துக்கு நிழல், மீசைக்கு மினுமினுப்பு, சட்டைக்கு மடிப்பு என்று நாள்தோறும் நிறத்தைச் சேர்த்துக்கொண்டே போனாள். பத்தாம் நாள் காவல்காரனுக்குப் பார்வை மங்கிவிட்டது.

திரையோரத்தில் இருந்த அழிப்பானிடம் அவன் கெஞ்சினான். "அண்ணே, இந்த நிழலையெல்லாம் கொஞ்சம் எடுத்துவிடுங்க. எதிரே இருக்கறதே தெரியலை."

"நானா வர முடியாது தம்பி. அவ தூரிகையைக் கீழே வெச்சாத்தானே என்னைத் தொடுவா?" என்றது அழிப்பான்.

அன்று மாலை அவளுடைய தோழி வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "புதர் ரொம்ப நல்லா வந்திருக்குடி," என்றாள் மனசார.

மதிவதனி காவல்காரன்மேல் தலையோடு கால் பச்சையைப் பூசி, காட்டுப் பாதையோரத்தில் நட்டுவிட்டு, வேறொருவனை வரையத் தொடங்கினாள்.

புதியவன் அந்த வழியாகத்தான் நடந்து பழகினான். அவன் காலடி கேட்கும்போதெல்லாம், "தம்பி, அவ நிழல் போட வந்தா ஓடிப்போயிடு," என்று சொல்லப் பார்த்தான் காவல்காரன். இலைகள் மட்டும் லேசாக அசைந்தன.