ஒன்பது மணி நேரத் தூரம்

"எங்க இருக்கீங்க?" போனில் கேட்டாள் மனைவி.

"என் ரூம்லதான். இப்பதான் குளிச்சேன்," என்றான் கணவன். அவனுக்கு மூச்சு வாங்கியது.

குளித்தவனுக்கு எதற்கு மூச்சு வாங்குகிறது?

அவன் வேலைக்காக வெளிநாடு போய் இரண்டு வருடமாகிறது. எப்போது வரச் சொன்னாலும் ஒரே பல்லவிதான்: "ப்ளைட்லயே ஒன்பது மணி நேரம். நெனச்சா வந்துட முடியுமா?" கொஞ்ச நாளாகப் பேச்சிலும் ஒட்டுதல் இல்லை.

"நேத்து உங்க போன் ஏன் ஆஃப்ல இருந்துச்சு?"

"சார்ஜ் இல்ல. உன் போனும்தான் கிடைக்கல. நீ எங்க இருக்க?"

"நம்ம வீட்லதான். நான் வேற எங்க போவேன்?"

"நிஜமாவா?" என்றான்.

கேட்ட தோரணையே சரியில்லை. பக்கத்தில் எவளோ இருக்கிறாள்.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க, அதே ஒன்பது மணி நேரம் பறந்து வந்து, அவன் அறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். அழைப்பு மணியை அழுத்தினாள்.

மணி உள்ளே அலறியது. கதவு திறக்கவில்லை. போனில் அந்த அலறல் கேட்கவும் இல்லை. அதில் கேட்டது குருவி கத்துவது போன்ற வேறொரு மணி. அவளே கடைகடையாக ஏறி இறங்கி வாங்கி, தன் வீட்டு வாசலில் மாட்டிய மணி.

"வீட்லதான் இருக்கேன்னு சொன்னியே," என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. "உள்ள யாரு இருக்கா? மரியாதையா கதவைத் திற."