கீழ்வீட்டு அடுப்பு

"கண்டக்டரண்ணே! கொஞ்சம் கீழே வாங்களேன்!"

மாடியில் நாற்காலி போட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எரிச்சல் வந்தது. முணுமுணுத்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கீழ்வீட்டு அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"புது சிலிண்டர் வந்திருக்கு அண்ணே. மாட்டணும். எனக்கு அதைத் தொட்டாலே கை உதறுது."

"கொண்டு வந்த ஆள்கிட்டயே மாட்டித் தரச் சொல்ல வேண்டியதுதானே?"

"வச்சதும் தெரியல, போனதும் தெரியல. ஓடிட்டான்."

அவருக்கும்தான் உதறியது. அதை வெளியே சொல்ல முடியுமா?

வேலையில் இருந்தவரை கூட்டத்துக்கு நடுவிலேயே வாழ்ந்தவர் அவர். "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்தியே தொண்டை தேய்ந்தவர். மனைவி போன பிறகு, மாடியில் இருந்த அந்த இரண்டு அறைகளில் அவரும் அவர் மூச்சும்தான்.

சமையலறைப் பக்கமே போகாதவர். ஒரு நாள் டீ போடலாம் என்று துணிந்தார். கேஸைத் திருகிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார். கிடைத்ததும் உரசினார். குப்பென்று எழுந்த தீயில் மணிக்கட்டு முடியெல்லாம் பொசுங்கிப்போயிற்று. அன்று சாத்திய கதவுதான். காலையில் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி. காலிக் கவர்களைக் கீழ்வீட்டு வாசலை ஒட்டிய பொதுக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வருவார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனது.

மகள் போனில் கேட்பாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா, வயிறு நிறைய."

கீழ்வீட்டில் சிலிண்டர் முன்னால் குந்தினார். முகமெல்லாம் வியர்த்தது.

"முதல்ல அந்த மூடியை எடுக்கணுமோ என்னவோ அண்ணே. எனக்கென்ன தெரியும்!" என்றாள் அந்த அம்மாள், எட்ட நின்றபடி.

எடுத்தார்.

"நேரா வச்சு அமுக்கினா 'டக்'னு ஒரு சத்தம் வருமாமே?"

வந்தது.

"அப்படியே பத்த வச்சும் காட்டிட்டுப் போங்களேன். தீக்குச்சியைக் கொளுத்திக் கையில வச்சுக்கிட்டு அப்புறம்தான் திருகணும்னு சொல்லிக்கிறாங்க."

அவருக்குச் சுரீர் என்றது. கண்ணை இடுக்கிக்கொண்டு குச்சியை நீட்டினார். நீலமாய்ச் சாதுவாகப் பற்றிக்கொண்டது தீ.

"ப்பா! உங்க தைரியம் யாருக்கு வரும்?" என்றாள்.

அதோடு விட்டாளா? "அண்ணே, பால் பொங்கிடுமோன்னு பயமா இருக்கு." "அண்ணே, குக்கரைத் திறந்து விடுங்க, வெடிச்சுடும் போல." "அண்ணே, எண்ணெய் தெறிக்குது, அந்த முட்டையை நீங்களே உடைச்சு ஊத்திடுங்க." ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் சேர்த்து வைத்துக் கூப்பிட்டாள்.

மகளிடம் போனில் பொரிந்து தள்ளினார்.

"இந்த வயசுல குக்கர் திறக்கப் பயமாம்! சம்பளமில்லாம ஒரு ஆள் கிடைச்சான்னு நினைச்சுட்டாங்க போல."

"பாவம்ப்பா, தனியா இருக்காங்க."

"நான் மட்டும் என்ன ஊரைக் கூட்டி வச்சுக்கிட்டா இருக்கேன்?" என்றார்.

கை மட்டும் அவரைக் கேட்காமலே பழகிக்கொண்டிருந்தது. ஒரு மழை நாளில் கடைக்குப் போக முடியவில்லை. தன் வீட்டுச் சமையலறைக் கதவைத் தள்ளினார். ஒட்டடையை விலக்கினார். குச்சியைக் கொளுத்தினார், திருகினார், பற்றிக்கொண்டது. இதற்கா இத்தனை நாள் ரொட்டி தின்றோம் என்று இருந்தது.

உருளைக்கிழங்கை வேக வைத்து, வதக்கி, நின்றபடியே ஒரு வாய் போட்டுப் பார்த்தார். உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மனைவி இருந்தவரை அவள் சமையலைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு தினமும் சமையல்தான். பேன்ட் இடுப்பில் நின்றது.

ஆனால் கீழேயிருந்து வந்த குரல் மட்டும் நிற்கவில்லை.

"கண்டக்டரண்ணே! குக்கர் விசில் அடிச்சுக்கிட்டே இருக்கு!"

தாளிக்க வாணலி வைத்திருந்த அடுப்பை அணைத்துவிட்டு இறங்கினார். இன்றைக்கு முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டியதுதான். 'நானே கத்துக்கிட்டேன், உனக்கு என்னம்மா கேடு? எத்தனை நாளைக்கு இப்படிப் பயந்து சாவே?'

மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் சைக்கிளைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"சார், கேன்டீன் அம்மா வீடு இதுதானே?"

"கேன்டீன் அம்மாவா? அப்படி யாரும் இங்க இல்லையேப்பா."

"இந்தத் தெருதான்னு சொன்னாங்க. எங்க மில் கேன்டீன்ல இருந்தாங்க. ரிட்டயர் ஆகி இங்க வந்துட்டாங்களாம். இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன், பார்த்துட்டுப் போகலாம்னு..."

"வேற எங்கயாவது விசாரி. இங்க கீழ்வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க. அவங்களுக்கு அடுப்புன்னாலே குலை நடுக்கம். இப்பக்கூடக் குக்கரை இறக்கி வைக்கத்தான் நான் போய்க்கிட்டிருக்கேன்."

அதற்குள் சத்தம் கேட்டு அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் வந்தாள். வந்தவனைப் பார்த்ததும் அவசரமாக உள்ளே நகர்ந்துகொண்டாள்.

வந்தவன் ஜன்னலையும் கண்டக்டரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இவங்களுக்கா பயம்? ஒரு ஷிப்டுக்கு அறுநூறு பேருக்கு உலை வச்ச கை சார் அது!"