தலைகீழ் முன்னோட்டம்

"துறைமுகம் டீம் தோத்துடும்னு எழுதுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

விளையாட்டுப் பக்க ஆசிரியர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். திட்டுவதற்கு ஆட்கள் வருவது அவருக்குப் புதிதல்ல. 'எங்க டீமை எப்படி மட்டம் தட்டலாம்?' என்று சட்டையைப் பிடித்தவர்கள்கூட உண்டு. தோற்கும் என்று எழுதச் சொல்லி ஒருவர் படியேறி வந்தது இதுதான் முதல் தடவை.

எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார் அந்தம்மா. மடியில் இருந்த கைப்பையை விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன.

"துறைமுகம் தோக்கணுமாம்மா?"

"ஐயோ, ஜெயிக்கணும் சார்! அதுக்குத்தானே வந்தேன். யார் ஜெயிப்பாங்கன்னு நீங்க எழுதினாலும் அவங்க மண்ணைக் கவ்வுறாங்களாமே?"

பக்கத்து மேசையில் உதவியாசிரியை இருமுவதுபோல் சிரித்தாள். ஆசிரியருக்குக் காது சிவந்துவிட்டது. இந்த ஹாக்கி சீசனில் அவர் எழுதிய முன்னோட்டம் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. அலுவலகத்தில் 'தலைகீழ் சார்' என்றுதான் அவருக்குப் பெயர். அது ஊர் வரைக்கும் பரவிவிட்டது என்று இப்போதுதான் தெரிந்தது.

"அதெல்லாம் தற்செயல்மா. நான் ஆட்டத்தைப் பாத்து, யோசிச்சு எழுதுறவன். நாளைக்குக் கடைசி லீக் மேட்ச். துறைமுகத்துக்கும் மில்லுக்கும் ஒரே புள்ளி. ஜெயிச்சவங்க அரையிறுதிக்குப் போவாங்க, தோத்தவங்க மூட்டையைக் கட்டிடுவாங்க. இதுல ராசி எங்கேருந்து வந்துச்சு?"

"என் பையன் கோல்கீப்பர் சார்" என்றார் அந்தம்மா. "நாளைக்குத் துறைமுகம் ஜெயிக்கலேன்னா அவன் ஆட்டமே அதோட முடிஞ்சுடும். எனக்குச் சோறு இறங்கல, தூக்கம் வரல. யார்கிட்டயாவது போய்க் கேக்கணும்னு தோணுச்சு. உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

அந்தக் குரலில் கிண்டல் துளியும் இல்லை. ஆசிரியருக்கு மனசு இளகிவிட்டது. பாவம், அவருடைய எழுத்தை இவ்வளவு நம்பியவர்கள் இந்த சீசனில் வேறு யாருமில்லை.

"பயப்படாதீங்க. துறைமுகம்தான் ஜெயிக்கும். ஏன் தெரியுமா? மில் கோல்கீப்பர் முன்ன மாதிரி இல்ல. வலது பக்கம் பந்து வந்தா விழறதுக்குத் தயங்குறான். கால்ல என்னமோ பண்ணுது அவனுக்கு."

"வெளியில பாக்கிறவங்களுக்கே தெரியுதா சார்?"

"என் கண்ணுக்குத் தப்புமா? அதையெல்லாம் வெச்சுத்தான் துறைமுகம் ஜெயிக்கும்னு எழுதிட்டிருக்கேன்."

அந்தம்மா பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"போச்சு! அழிச்சிடுங்க சார். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

திரையில் கட்டுரை ஏறக்குறைய முடிந்திருந்தது. பெனால்டி கார்னர்கள், முன்கள வீரர்களின் வேகம் என்று எதை எடுத்தாலும் துறைமுகம்தான் ஒரு படி மேல். இதை மாற்றி எழுத அவருக்குக் கை வரவில்லை. பலிக்காத ஜோசியத்துக்கு எதற்கு இத்தனை நேர்மை என்று உதவியாசிரியை கண்ணாலேயே கேட்டாள்.

பெருமூச்சு விட்டபடி கடைசிப் பத்தியை அழித்தார். 'நாளைய ஆட்டத்தில் மில் அணியின் கையே ஓங்கியிருக்கும்' என்று தட்டி, திரையை அந்தம்மா பக்கம் திருப்பிக் காட்டினார்.

உதடு அசைய அசைய அதைப் படித்து முடித்தார் அந்தம்மா. கண் கலங்கிவிட்டது.

"நீங்க நல்லா இருக்கணும் சார்."

"இருக்கட்டும்மா. நாளைக்கு ஜெயிச்சதும் உங்க பையனை நானே பேட்டி எடுக்கிறேன். துறைமுகம் கோல்கீப்பரை ஊரே தலையில தூக்கி வெச்சு ஆடப் போகுது, பாருங்க!"

கதவைத் திறந்த அந்தம்மா திரும்பிப் பார்த்தார்.

"என் பையன் மில் டீம் சார். நாளைக்கு மேல ஒரு மேட்ச் ஆடினாலும் முழங்கால் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு, டீம் தோத்தாத்தான் ஆபரேஷனுக்கு வருவேன்னு இவன் அடம்பிடிக்கிறான்."