முன்வரிசை நாற்காலி

மீனம்மாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது 1974 சித்திரையில், மண்ணூர் அம்மன் கோயில் திருவிழா அன்று மத்தியானம். என் சிநேகிதன் கோபாலின் அம்மா. பாயில் எலும்பாகக் கிடந்தாள்.

"நீ போய்ப் பாடுடா. நான் இங்கிருந்தே கேக்கறேன்" என்று மகனைத் துரத்தினாள். கோயில் குழாய் ஸ்பீக்கர் ஒன்றை அவர்கள் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள்.

எங்கள் குழுவில் நான்கு பேர். கோபால் கிடார், நான் பாங்கோ. சினிமாப் பாட்டு பாட மாட்டோம், கோபால் கட்டிய பாட்டுகள்தான். அதனாலேயே எந்த ஊரிலும் எங்களை மேடை ஏற்றவில்லை. மீனம்மாள் நடமாடிய நாளில் தர்மகர்த்தா பரசுராமன் வீட்டுக்கு நடையாய் நடந்து வாங்கித் தந்த மேடை இது.

எங்களுக்கு ஒரே பயம். காப்பு கட்டிய ஊரில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை மேளமும் கூடாது, பாட்டும் கூடாது.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்தோம். முதல் பாட்டுக்கே கூட்டம் சிரித்தது. சினிமாப் பாட்டு பாடத் தெரியாதா என்று கேட்டார்கள்.

இரண்டாவது பாட்டில் கோதண்டம் வந்தார். கோபாலின் அப்பா. கிடாரை உடைத்து அடுப்பில் வைப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். தோளில் துண்டு, அதில் ஒரு பக்கத்துச் சிவப்புக் கரை கிழிந்து போயிருந்தது.

பரசுராமன் குனிந்து கேட்டார். "சம்சாரத்துக்கு எப்பிடி கீது?"

"படுத்துகினு கீறா."

பின்னாலிருந்து, பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "பொண்டாட்டி அங்க இழுத்துகினு கீறா. இவருக்கு இங்க பாட்டு கேக்குது."

அது கோபால் காதிலும் விழுந்தது. முகம் செத்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசியாக, அம்மாவுக்குப் பிடித்த ஏரிப் பாட்டைப் பாடினான். சிரித்த கூட்டம் அடங்கிப்போய்க் கேட்டது. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். கோதண்டம் மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

கோபால் மேடையிலிருந்து இறங்கி நேராக அவரிடம் போனான். "அம்மாவத் தனியா வுட்டுட்டு இங்க இன்னா பண்றே நைனா?"

"எல்லாப் பாட்டும் பாடிட்டியா?" என்றார்.

பதிலுக்கு நிற்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். வெளியே பூட்டியிருந்த கதவைத் திறந்து உள்ளே போனவர் உடனே திரும்பி வந்தார்.

"போயிட்டா. மேளத்த நிறுத்தச் சொல்லு, நடேசா" என்றார் என்னிடம்.

குழுவில் மற்ற இருவரையும் கோயிலுக்கு அனுப்பினேன்; கோபால் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டான். பரசுராமன் வருவதற்குள் சந்திரம்மாள் வந்துவிட்டாள். நானும் அவளும்தான் முதலில் உள்ளே போனோம். ஸ்பீக்கர் பக்கத்து ஜன்னல் அகலத் திறந்திருந்தது. மீனம்மாளின் உடம்பு விறைத்துப்போயிருந்தது. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து, சிவப்புக் கரைத் துணியால் கட்டியிருந்தது.

சந்திரம்மாள் அதையே பார்த்தாள். வாசலில் பரசுராமனின் செருப்புச் சத்தம் கேட்டதும், புடவையை இழுத்துக் காலை மூடிவிட்டாள்.

அப்புறம் நாங்கள் எங்கேயும் பாடவில்லை. அந்தத் துண்டு இன்னும் கோபால் வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் கரை இல்லை.